மீசைக்குத் தடை போட்ட விதி

எங்கள் திண்டுக்கல் புகைப்படச் சங்கத்தின் போட்டி விதிகளை எழுதுவது பல ஆண்டுகளாக என் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கையெழுத்து நன்றாக இருக்கும். கூட்டத்தில் "இதை யாராவது எழுதணுமே" என்று தலைவர் சொன்னதும் மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் அப்படித்தான் செயலாளர் ஆனேன்.

ஆரம்பத்தில் ஐந்து விதிகள்தான் இருந்தன. ஒவ்வொரு போட்டி முடிந்ததும் ஒன்று கூடும். வெளியாட்கள் படித்தால் வெறும் சட்டமாகத் தெரியும். எங்களுக்கு ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஓர் ஆள் நிற்பது தெரியும். "படத்தைப் போட்டியாளரே எடுத்திருக்க வேண்டும்" என்ற விதிக்குப் பின்னால் நிற்பவர் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் உறுப்பினர். ஒருமுறை அவர் கொடுத்த படத்தின் நட்டநடுவில் அவரே நின்றுகொண்டிருந்தார். கேட்டதற்கு, "கேமரா என்னோடதுதான மேடம்?" என்றார்.

"படத்தின் ஓரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டி நீக்கக் கூடாது" என்பது இன்னொன்று. பழனி மலைமேலிருந்து தைப்பூசக் கூட்டத்தை எடுத்து, அதிலிருந்து ஒரே ஒரு முகத்தை வெட்டிப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார் ஒருவர். அது ஒரு பக்தரின் முகம் என்று அவர் சொன்னார். கட்டம் கட்டமாகத் தெரிந்ததால் குளியலறைத் தரை என்று நடுவர் நினைத்தார்.

"படத்தில் பெயரோ அடையாளமோ இருக்கக் கூடாது" என்றும் ஒரு விதி உண்டு. ஆனால் எங்கள் தலைவர் பல் டாக்டர். அவர் எடுக்கும் படத்தில் கீரை விற்கிறவரானாலும் வயலில் ஆட்டுக்கிடை போட்டவரானாலும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். யார் எடுத்தது என்று பெயர் போடாமலே தெரிந்துவிடும். இதைத் தடுக்க எப்படி ஒரு விதி எழுதுவது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இவ்வளவு விதி எழுதிய நான் ஒரு பரிசுகூட வாங்கியதில்லை. டிராக்டர் கடைக்காரர் இரண்டுமுறை வாங்கிவிட்டார். எனக்கு ஆறுதல் பரிசும் கிடையாது. "உன் படத்துல எல்லாமே நேரா இருக்கு. அதான் பிரச்சனை" என்பார் என் கணவர். அவர் விளையாட்டாகத்தான் சொல்வார். நான் சமையலறையில் கரண்டிகளை நேராக்கிக்கொண்டே அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன்.

இனி, பன்னிரண்டாம் விதி.

அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை. விடியற்காலையில் போனால் நல்ல வெளிச்சம், புழுதி, ஆயிரம் கொம்பு. படம் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட மணிக்குள் திரும்பிவிடலாம். அங்கே ஒரு ஆட்டுத் தரகர் இருக்கிறார். தலையில் சிவப்புத் துண்டைச் சுற்றிக் கட்டியிருப்பார். வெள்ளை மீசை, காது வரைக்கும் போகும். இன்னொரு துண்டுக்குள் கையை மறைத்து, எதிராளியின் விரலைப் பிடித்து அவர் விலை பேசும்போது, ஆடு வாங்க வந்தவன்கூட ஆட்டை விட்டுவிட்டு அவரைத்தான் பார்ப்பான். எங்கள் உறுப்பினர்கள் மட்டும் விடுவார்களா? சென்ற ஆண்டுப் போட்டியில் பாதிப் படங்களுக்கு மேல் அவர்தான். முறைக்கும் தரகர், பீடி பிடிக்கும் தரகர், கறுப்பு வெள்ளையில் தரகர், பல்லெல்லாம் தெரியும் தரகர். மதுரையிலிருந்து வந்த நடுவர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இவருதான் உங்க சங்கத்துத் தலைவரா?"

தலைவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு மீசையே கிடையாது.

அதனால் இந்த ஆண்டு நான் எழுதினேன்: "அய்யலூர் சந்தையில் சிவப்புத் துண்டும் வெள்ளை மீசையுமாகக் காணப்படும் ஆட்டுத் தரகரின் உருவம், முழுமையாகவோ பகுதியாகவோ, இடம்பெறும் படங்கள் ஏற்கப்படமாட்டா."

"பகுதியாகவோன்னு எதுக்கு?" என்று கேட்டார் தலைவர்.

"இல்லைன்னா நீங்க பல்லை மட்டும் எடுத்துட்டு வருவீங்க டாக்டர்."

விதி நிறைவேறியது. போட்டிக்குத் தலைப்பு 'சந்தை' என்று முடிவாயிற்று.

இந்தச் செய்தி தரகரிடம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. டிராக்டர் கடைக்காரர் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. அடுத்த வியாழக்கிழமை நான் சந்தைக்குள் நுழைந்து பையைத் திறப்பதற்குள் அவர் வந்து எதிரில் நின்றார்.

"டீச்சரம்மா, என்னையத் தடை பண்ணிட்டீங்களாமே?"

"உங்களை இல்லைங்கய்யா. உங்க படத்தை."

"அது என்ன, நான் வேற என் படம் வேறயா? டீக்கடைல ஒரு பய விடமாட்டேங்கிறான். போட்டோல இருந்து ஊர்விலக்கு ஆன ஆளு வாராருன்னு எந்திரிச்சு நிக்கிறான். நான் என்ன, நோக்காடு வந்த ஆட்டையா வித்தேன்?"

"எல்லாரும் உங்களையே எடுத்தா போட்டி எப்படிங்கய்யா நடக்கும்?"

"நானா கூப்புட்டேன்? செத்த நேரம் நில்லுங்க, செத்த நேரம் திரும்புங்கன்னு ஆடு விக்கிற ஆளை அலைக்கழிச்சது நீங்க. இப்ப நான் ஆகாதவனாப் போயிட்டேனா? சரி. எடுங்க. எப்புடி எடுக்குறீங்கன்னு நானும் பாக்குறேன்."

அன்றிலிருந்து அவர் தொழிலைப் பாதி விட்டுவிட்டார் என்றே சொல்ல வேண்டும். எங்கள் ஆள் ஒருவர் கேமராவைக் கண்ணில் வைத்தால் போதும், சந்தையின் எந்த மூலையில் இருந்தாலும் தரகர் வந்துவிடுவார். நடுவில் வந்து நிற்கமாட்டார். அதுதான் அவர் சாமர்த்தியம். ஓரத்தில் ஒரு கொத்து மீசை, மேலே ஒரு துண்டு நுனி, ஆட்டின் காலுக்கு நடுவே ஒரு கண். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும். டிராக்டர் கடைக்காரர் வெறுத்துப்போய் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போய்விட்டார். மற்றவர்கள் ஒட்டன்சத்திரத்துக் காய்கறியை நோக்கிப் போனார்கள். தலைவர் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "பகுதியாகவோ" என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போவார்.

நான் அய்யலூரை விடவில்லை. விதி எழுதியவளே பயந்து ஓடினால் நன்றாக இருக்காது. போட்டிக்கு முந்திய வாரம் எனக்கு ஒரு படம் கிடைத்தது. நிறுத்தியிருந்த பைக் ஒன்றின் சீட்டில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வெள்ளாட்டுக் கிடா அதன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெண் பார்க்கப் போன வீட்டு வாசலில் மாப்பிள்ளை கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்வானே, அப்படி. பின்னால் துண்டுக்குள் கையை விட்டு இரண்டு பேர் அதற்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரே ஒரு முறைதான் அழுத்தினேன். கிடா இறங்கிவிட்டது. படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாகச் சாய்ந்திருந்தது.

வீட்டில் என் கணவர் அதை வெகுநேரம் பார்த்தார். "இதுக்குப் பரிசு கொடுக்கலைன்னா அந்த நடுவருக்குக் கண்ணு இல்ல" என்றார். அப்புறம் திரைக்கு அருகே குனிந்து, "இது என்ன?" என்றார்.

வலது ஓரத்தில் அரை முகம். கலங்கலாக இருந்தாலும் தெரிந்தது. சிவப்புத் துண்டு, வெள்ளை மீசையின் ஒரு பக்கம், சிரிப்பில் திறந்த பாதி வாய்.

வெட்டிவிடலாம் என்று அளந்து பார்த்தேன். பத்தில் ஒரு பங்கு வெட்டினால் துண்டு போய்விடும், மீசை நிற்கும். மீசையையும் வெட்டினால் விதி உடையும். அழிக்கும் மென்பொருளைத் தொடக் கூடாது என்று ஏழாம் விதி. விதிகளை அறிவித்த பிறகு மாற்றக் கூடாது என்று ஒன்பதாம் விதி. எல்லாம் என் கையெழுத்து.

"யாருக்குத் தெரியப் போகுது? கலங்கலாத்தான இருக்கு" என்றார் கணவர்.

"செயலாளருக்குத் தெரியும்."

"செயலாளர் நீதான?"

"அதனாலதான்."

வந்த படங்களைச் சரிபார்ப்பது செயலாளர் கடமை. என் படத்தை நானே வாங்கி, நானே பார்த்து, பன்னிரண்டாம் விதிப்படி ஏற்க இயலவில்லை என்று எனக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று வழக்கமாக முடிக்கும் வரியையும் விடவில்லை. அன்று இரவு நான் ரசம் ஊற்றியதும் கணவர், "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்றார்.

போட்டி நாளன்று கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். முந்தின நாள் பந்தியின் சாம்பார் மணம் இன்னும் போகவில்லை. சாப்பாட்டு மேசைகளின் மேல் படங்களைச் சாய்த்து வைத்தோம். நிராகரித்த படங்களைச் சமையற்கட்டில், கவிழ்த்து வைத்த அண்டாக்களின் மேல் வைத்திருந்தேன். சென்ற ஆண்டு வந்த அதே மதுரை நடுவர் வந்து முதல் மேசையிலிருந்து பார்க்கத் தொடங்கினார். அந்த நேரத்தில் படி ஏறி வந்தார் தரகர். திண்டுக்கல்லுக்கு ஆடு இறக்க வந்த வேனில் அப்படியே வந்திருக்கிறார்.

"தலைவர் யாரு? அவருகிட்ட ரெண்டு வார்த்தை கேக்கணும்."

நடுவர் காதில் விழக் கூடாது என்று அவசரமாக அவரைச் சமையற்கட்டுக்குள் அழைத்துக்கொண்டு போனேன். தலைவரும் பின்னாலேயே வந்தார். அண்டா மேல் இருந்த என் படத்தைப் பார்த்ததும் தரகருக்கு வந்த விஷயம் மறந்துபோயிற்று.

"இந்தக் கிடா நம்ம பக்கத்துக் கிடாயில்ல? இம்புட்டு அழகா எடுத்திருக்கீங்க, இதை ஏன் அடுப்படியில போட்டிருக்கீங்க?"

"உங்களாலதான்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "ஓரத்துல வந்து நின்னது நீங்கதானே?"

அவர் படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "இது நானா? ஏத்தா, என் மீசை வானத்தைப் பாக்கும். இது தரையைப் பாக்குது. இவன் என் சித்தப்பா மகன். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், நான் சந்தைக்கே வரல. கீழ வேன்லதான் உக்காந்திருக்கான்."

நிராகரிப்பை எதிர்த்து, முடிவு அறிவிக்கும் முன் எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்று விதி இருக்கிறது. ஒரு தாளை எடுத்து, செயலாளர் அவர்களுக்கு என்று எழுதத் தொடங்கினேன்.

"நீங்க எழுதி நீங்களே தீர்ப்பு சொல்லுவீங்களா?" என்றார் தலைவர்.

"நீங்க சொல்லுங்க டாக்டர். ஆனா சீக்கிரம். நடுவர் நாலாவது மேசைக்கு வந்துட்டார்."

சித்தப்பா மகனை மேலே கூப்பிட்டோம். அதே சிவப்புத் துண்டு, அதே வெள்ளை மீசை, நுனி மட்டும் தொங்கியது. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். மீசையை அன்று முறுக்கியிருப்பார், இன்று இறக்கிவிட்டிருப்பார், அதை ஆதாரமாக ஏற்க முடியாது என்றார் தலைவர். அப்புறம் படத்தை மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியது. அவருடைய பல் மருத்துவமனையில் மட்டுமே நான் பார்த்திருந்த முகம்.

"மேல் வரிசையில ஒரு கோரைப்பல் இல்ல. அண்ணே, வாயைத் திறங்க."

தரகர் திறந்தார். ஒன்றும் குறையவில்லை. "கரும்பு கடிச்சுக் காட்டவா?" என்றார். சித்தப்பா மகன் திறந்தார். செல்போன் வெளிச்சத்தைப் பிடித்து உள்ளே பார்த்தார் தலைவர். "இது இந்த வாய்தான். சந்தேகமே இல்ல. படம் செல்லும். அண்ணே, பக்கத்துப் பல்லும் ஆடுது, திங்கக்கிழமை வாங்க."

படத்தைக் கடைசி மேசையில் கொண்டுபோய் வைத்தேன். நடுவர் வந்தார். மற்ற படங்களிடம் நின்றதைவிட நீண்ட நேரம் நின்றார். சிரித்தார். பின்னால் போய் நின்று பார்த்தார். நான் ஜன்னல் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவர் சொன்னது கேட்டது: "அடடா, இவரு இங்கயும் வந்துட்டாரா!"

"அவர் இல்ல சார், அவரோட சித்தப்பா மகன்" என்றோம் நானும் தலைவரும் ஒரே குரலில்.

"யாரா இருந்தா என்னங்க? ஓரத்துல இந்த அரை மீசை மட்டும் இல்லைன்னா இதுதான் முதல் பரிசு. கொஞ்சம் வெட்டியிருக்கலாமே?"

"பத்தில் ஒரு பங்குக்கு மேல வெட்டக் கூடாதுன்னு விதி இருக்கு சார்."

"இப்படி ஒரு விதியை யாரு எழுதினது?"

கூடத்தில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாத்திரம் கழுவ வந்திருந்த அம்மாகூடப் பார்த்தார்.

எனக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு நிலக்கோட்டை மல்லிகைக்கு, அதாவது டிராக்டர் கடைக்காரருக்கு. என் கணவர் பின்வரிசையில் எழுந்து நின்று தேவைக்கு அதிகமாகவே கைதட்டினார். மூன்றாம் பரிசுதான் என்றாலும் மேடைக்குப் போகும்போது என் கால் தரையில் சரியாகப் பாவவில்லை. திரும்பி வந்தபோது வாசலருகே அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்னாலதாண்டா டீச்சரம்மாவுக்கு மொதப் பரிசு போச்சு" என்றார் தரகர்.

"போகட்டும்ணே" என்றார் சித்தப்பா மகன், இல்லாத பல்லின் இடைவெளி தெரியச் சிரித்தபடி. "ஒன்னைய விதி போட்டு வாசல்லயே நிப்பாட்டிட்டாக. நான் அரை மூஞ்சிய வச்சு மூணாவது வந்திருக்கேன்ல?"