ஓரகத்தியின் கேப்ஸ்யூல்

"அவளுக்கு ரெண்டு கலர்ல பளபளன்னு குடுக்குற. எனக்கு மட்டும் இந்தத் துருப்பிடிச்ச கலரா?"

மருந்துக்கடை மேசையில் இரண்டு மாத்திரை அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு இஸ்திரி அக்கா கேட்டார். ஒன்று அவருடைய இரும்புச்சத்து மாத்திரை. மற்றது, ஒரே வீட்டில் இருக்கும் அவருடைய ஓரகத்தி சாப்பிடும் ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலின் காலியான முதல் அட்டை.

"அவங்களுக்கு நெஞ்சுல கிருமி, அக்கா. அது கிருமியைக் கொல்ற மருந்து. உங்களுக்கு ரத்தத்துல சத்து கம்மி."

"நானும் அதே வீட்லதானே இருக்கேன்? அவளுக்கு வர்ற கிருமி எனக்கு வராதா?"

"வரல இல்ல. கிருமியே இல்லாத உடம்புல அது எதைக் கொல்லும்?"

"சும்மா காவலுக்கு இருக்கட்டுமே."

"தேவையில்லாம சாப்பிட்டா, நிஜமா கிருமி வர்றப்போ மருந்து கேக்காது."

"என் பேச்சைத்தான் வீட்ல யாரும் கேக்கல. மருந்துமா?"

சொல்லிவிட்டு, வெற்று அட்டையை முகர்ந்து பார்த்தார். "நெடியே தனி!"

ஓட்டல் விரிப்புகள் மலையாக வந்து குவியும் சலவை நிலையத்தில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுபவர். மணிக்கட்டுக்கு மேலே பழைய சூட்டுத் தழும்புகள். கசங்கிய எதையும் அவர் கை சும்மா விடாது. பேசிக்கொண்டே என் ரசீதை நகத்தால் மடித்து நீவுவார். அட்டைப்பெட்டியின் நசுங்கிய மூலையை நிமிர்த்துவார்.

சத்து மாத்திரைகளை அவர் மதிப்பதில்லை. அவருக்கு அவை மிட்டாய். "உன் விட்டமினைப் போட்டா மஞ்சளா வெளிய போயிடுது, பாப்பா. அதுக்கே என் உடம்புல இருக்கப் பிடிக்கல." ஓரகத்தி பிள்ளையுண்டாகிக் கால்சியம் வாங்கிய காலத்தில் இவருக்கு முழங்கால் வலித்தது. நடிக்கவில்லை. நிஜமாகவே நொண்டிக்கொண்டுதான் வந்தார். டீயோடு இரும்புச்சத்து மாத்திரையைப் போட்டால் உடம்பில் சேராது என்றேன். "அவ மாத்திரைக்கு டீ ஆகாதுன்னு சொன்னியா? எனக்கு மட்டும் இதுலயும் கெடுபிடி!"

காலி அட்டையோடு வந்த அதே வாரம், வேலை நடுவில் தலைசுற்றி இஸ்திரி மேசைமேல் சாய்ந்துவிட்டார். பக்கத்தில் நின்றவர் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் முகம் வெந்திருக்கும். அடுத்த பரிசோதனையிலும் ரத்தம் ஏறவில்லையென்றால் படுக்கவைத்து ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அன்று சாயங்காலம் கடைக்கு வந்தவரின் உதடுகூட வெளுத்திருந்தது. பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். கிட்டத்தட்ட முழுசாக இருந்தது.

"சாப்பிடவே இல்லையா, அக்கா?"

"மறந்துடுது."

கொஞ்ச நேரம் என் மேசையின் விளிம்பை நீவிக்கொண்டிருந்தார்.

"அவளை மறக்க விடுறாங்களா? காய்ச்சல் போயாச்சு, எழுந்து நல்லா நடமாடுறா. இன்னும் எங்க மாமியார் தண்ணியும் கையுமா பின்னாலயே போறாங்க. கொழுந்தன் வேலை நடுவுல போன் பண்றான். எங்க வீட்டுக்காரர் இருக்காரே, 'அந்தப் பொண்ணு மாத்திரை போட்டுச்சா?'ன்னு என்கிட்ட கேக்குறார். என்கிட்ட!"

அதெல்லாம் என் கைவேலை. 'ஒருவேளைகூடத் தவறக்கூடாது, காய்ச்சல் நின்றாலும் முழுவதும் முடிக்க வேண்டும்' என்று ஓரகத்தியின் மருந்து உறையில் சிவப்பு மையால், தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கொடுத்திருந்தேன். இவருடைய உறையில் நீல மையில் 'தினம் ஒன்று' என்று மட்டும் இருந்தது.

அந்த உறையைத்தான் அப்போது எடுத்து மேசைமேல் வைத்தார். இஸ்திரி போடுவதுபோல உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, மூலை சுருளாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு எழுதின மாதிரியே எழுதிக் குடு, பாப்பா. சிவப்புலயே, பெருசா. டீயோட போடக் கூடாதுன்னும் எழுது. அப்பதான் யாராவது தண்ணி கொண்டுவந்து குடுப்பாங்க."