ஒரு வானுக்கு ஒரு விருந்தாளி

அந்தக் கோடை முழுக்க எங்கட வீட்டிலை ஒரே சண்டைதான். உள்ளுக்குப் படுக்கை பூட்டின வான் வண்டி வைச்சிருக்கிற ஜெர்மன்காரரின்ரை கிளப்பிலை நாங்களும் சேருறதோ விடுறதோ எண்டு. கேக்கிற ஆக்களுக்குச் சிரிப்பு வரும். அகதியா வந்து ரெண்டு அறை வீட்டிலை இருக்கிற சனத்துக்கு உல்லாசப் பயணக் கிளப் என்னத்துக்கு எண்டு ஜெர்மனியிலை, பான் நகரத்திலை எங்களோடை இருந்த எங்கட ஆக்களே முகத்துக்கு நேரை கேட்டவை. என்ரை மனுசனும் முதலிலை அதைத்தான் கேட்டார். ஊரிலை கல்வீட்டை விட்டிட்டு ஓடி வந்திட்டு இஞ்சை சில்லுப் பூட்டின வீட்டுக்கு அலையிறீர் எண்டார். எனக்கு எப்பவும் கோபம் மூக்கு நுனியிலை. எனக்குச் சில்லும் வேண்டாம் வீடும் வேண்டாம், என்ரை தம்பி உயிரோடை வேணும் எண்டு கத்தினன்.

தம்பி எண்பத்து மூண்டுக் கலவரத்துக்குப் பிறகு கிழக்கு பேர்லின் வழியா வந்தவன். எங்களுக்கு அதுக்கு முதலே அகதி எண்டு அங்கீகாரம் கிடைச்சிட்டுது. மனுசனுக்கு வேலையும் இருந்தது, நாங்கள் நினைச்ச இடத்துக்குப் போய் வரலாம். அவனைக் கொண்டுபோய்ப் போட்டது மூண்டு மணித்தியால ஓட்டத்திலை, காட்டுக்குள்ளை இருந்த ஒரு பழைய பட்டாளக் கட்டடத்திலை. அகதியளை வைக்கிற அந்த இடத்தைத்தான் ஹைம் எண்டு சொல்லுறது. அகதி வழக்கு முடியுமட்டும் அந்த மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. வேலை செய்யக் கூடாது, சமைக்கக் கூடாது, பெட்டியிலை அடைச்ச சாப்பாடு வரும். ஒருக்கா எங்கட மகளின்ரை பிறந்தநாளுக்கெண்டு ரயில் ஏறி வந்தவனை ஸ்டேசனிலையே பொலிஸ் பிடிச்சுத் திருப்பி அனுப்பினது. இன்னொருக்காப் பிடிபட்டால் நீதிமன்றம், வழக்கும் பழுதாப் போம் எண்டு எச்சரிச்சு விட்டவை.

வசந்தம் தொடங்கேக்கை அவன் ஹைமிலை இருந்த தொலைபேசியிலை எடுத்துத் தான் திரும்பிப் போகப் போறன் எண்டான். அகதி அன்ராக்கை, அதுதான் அந்த விண்ணப்பத்தை, மீளப் பெறுறன் எண்டு கையெழுத்து வைச்சால் அவையளே பிளேனிலை ஏத்தி விடுவினமாம். அழேல்லை, கோபப்படேல்லை, சந்திக் கடைக்குப் போட்டு வாறவன் மாதிரிச் சொன்னான். கட்டுநாயக்கா விமான நிலையத்திலை இறங்கிற ஒரு இளம் பெடியன் வீடு போய்ச் சேருவானோ எண்டு அந்த நாளிலை ஆருக்குத் தெரியும்? பொறடா ராசா, இந்தக் கோடை முடியுமட்டும் பொறு, கிழமைக்குக் கிழமை நாங்கள் வந்து பாக்கிறம் எண்டு கெஞ்சினன். ஓம் எண்டும் சொல்லேல்லை, மாட்டன் எண்டும் சொல்லேல்லை.

வாக்குக் குடுக்கிறது லேசு. ஹைமுக்குள்ளை போனால் நடையிலை கிடக்கிற வாங்கிலை கொஞ்ச நேரம் இருந்து கதைக்கலாம், அவ்வளவுதான். சாப்பாடு உள்ளுக்குக் கொண்டுபோக விடாயினம். மனுசனுக்கு இரவு வேலை, சனிக்கிழமை விடியத்தான் வீட்டை வருவார். வந்த கையோடை ஓடிப் போய் அண்டைக்கே திரும்பி ஓடுறது ஏலாத காரியம். அதுக்காகத்தான் தன்னோடை வேலை செய்த ஒரு ஜெர்மன்காரரின்ரை பழைய வானை வாங்கினார். உள்ளுக்குப் படுக்கை, அடுப்பு, கை கழுவ ஒரு சின்னத் தொட்டி எல்லாம் இருந்தது. ஹைமிலை இருந்து நடந்து போகக்கூடிய தூரத்திலை ஒரு ஏரி. அதின்ரை கரையிலை வானை விட்டிட்டுப் படுத்தம். பொலிஸ் வந்து கண்ணாடியிலை தட்டிச்சு. அடுத்த முறையும் தட்டிச்சு. இனிமேல் இஞ்சை நிண்டால் வானைக் கட்டி இழுத்துக்கொண்டு போவம் எண்டு சொல்லிட்டினம்.

இதைக் கேட்டிட்டு வானை வித்த அந்த மனுசன்தான் கிளப்பின்ரை கதையைச் சொன்னார். அதே ஏரியின்ரை மற்றக் கரை அவையின்ரை கிளப்புக்குக் குத்தகையாம். வேலி போட்ட இடம், அங்கத்தவர் எண்டால் எத்தினை இரவும் நிக்கலாம், ஒரு பொலிசும் கேளாது. ரெண்டு வார இறுதி விருந்தாளியா வந்து நிக்க வேணும். ரெண்டாவது ஞாயிறு காலமை எல்லாரும் கூடிக் கை உயத்திச் சேக்கிறதோ இல்லையோ எண்டு முடிவெடுப்பினம். எனக்கு வயித்திலை பால் வாத்த மாதிரி இருந்தது. தம்பி தன்ரை மாவட்டத்தை விட்டு ஒரு அடி வெளியிலை வைக்கத் தேவையில்லை, நான் அவன்ரை வாசலிலை போய்க் குந்தலாம்.

முதல் சனிக்கிழமை கிளப்பின்ரை தலைவர் படலையடிக்கு வந்து கை தந்து கூட்டிக்கொண்டு போனார். வயசான, மரியாதையான மனுசன். குப்பை எந்தத் தொட்டிக்கை, மத்தியானம் எந்த நேரம் சத்தம் போடக் கூடாது, எல்லாம் ஒவ்வொண்டாச் சொன்னார். ஒரு வானுக்கு ஒரு நாளைக்கு ஒரு விருந்தாளிதான் எண்டதையும் சொன்னவர். எனக்கு ஒருத்தன்தானே வாறான் எண்டு நான் தலையை ஆட்டினன்.

தம்பி வந்தான். கன்னம் ரெண்டும் உள்ளுக்குப் போய், சேட்டு ஆணியிலை தொங்கிற மாதிரித் தோளிலை தொங்குது. ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் போட்டுக் குடுத்தன். பிசைஞ்சு பிசைஞ்சு இருந்தான், ரெண்டு வாய்க்கு மேலை இறங்கேல்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. விடியக்காலமை எழும்பிச் சமைச்சுக் கொண்டு வந்தால் இவர் கோலம் போடுறார் எண்டு ஏசினன். போகேக்கை மிச்சத்தைச் சுத்தித் தாங்கோ, அறையிலை பெடியள் இருக்கிறாங்கள் எண்டு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

இதுக்குள்ளை என்ரை மனுசனுக்குப் புது விசர் பிடிச்சிட்டுது. கிளப் என்னத்துக்கு எண்டு குதிச்ச அதே ஆள்தான். பக்கத்து வான்காரர் வந்து, வானை மட்டமா நிப்பாட்ட வேணும் எண்டு சில்லுக்குக் கீழை பலகை வைச்சுக் காட்டினார். மற்றவர் காஸ் சிலிண்டர் பூட்டுற விதம் காட்டினார். பின்னேரம் தலைவரே வந்து, அயலவரே, ஒரு பியர் குடிப்பமோ எண்டு கேட்டார். இந்த நாட்டுக்கு வந்து எத்தினையோ வருசத்துக்குப் பிறகு ஒருத்தர் தன்னை அயலவர் எண்டு கூப்பிட்டது எண்டு அந்தக் கிழமை முழுக்க அவருக்கு அதே கதை. வான் மட்டமா நிக்குதோ எண்டு பாக்க ஒரு ரசமட்டம் கூட வாங்கி வந்து துடைச்சுத் துடைச்சு வைச்சார். இப்ப எங்களுக்கு எதிர்ப்பக்கச் சண்டை. தம்பி சாப்பிடாட்டி இந்த இடத்தாலை என்ன பிரயோசனம் எண்டு நான் கேக்க, அவன் மெல்ல மெல்லச் சாப்பிடுவான், நீர் அங்கை வாயைக் காட்டிக் காரியத்தைக் கெடுத்துப் போடாதையும் எண்டார்.

ரெண்டாம் முறை போக முதல் தம்பியோடை கதைக்கேக்கை, இந்தமுறை கூடச் சமைச்சுக் கொண்டு வாறன், நல்லாச் சாப்பிட வேணும் எண்டு சொன்னன். எங்கட சனத்துக்கு அப்பிடிச் சொன்னால் என்ன அர்த்தம்? ஒரு அறையிலை இருக்கிற ஒருத்தனுக்குச் சொன்னால் அறை முழுக்கச் சொன்ன மாதிரித்தான். சனிக்கிழமை மத்தியானம் படலையடியிலை தம்பியோடை ஏழு பெடியள் நிக்கிறாங்கள். தலை இழுத்து, சேட்டு மினுக்கி, கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி. வெறுங்கையோடை வரக் கூடாதெண்டு ஹைம் பெட்டியிலை வந்த ஜாம், பட்டர், அப்பிள் எல்லாத்தையும் ஒரு பையிலை சேத்துக் கொண்டு வந்து என்ரை கையிலை தந்தாங்கள். எத்தினை நாள் தின்னாமல் சேத்ததோ தெரியாது. என்னாலை அவங்கடை முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சு.

நான் பாயை விரிச்சு இருத்திட்டன். பெடியள் ஒரு சத்தம் போடேல்லை, பாட்டு இல்லை, பகிடி இல்லை. ஆனால் சுத்தியிருந்த கதிரையள் எல்லாம் எங்கட பக்கம் திரும்பிட்டுது. தலைவர் தன்ரை வான் வாசலிலை நிண்டு பாத்தார், உள்ளுக்குப் போனார், திரும்பவும் வந்து பாத்தார். என்ரை மனுசன் வேர்த்து விறுவிறுத்து என்ரை காதுக்கை வந்து, நாளைக்குக் கை உயத்தப் போறாங்கள், ரெண்டு ரெண்டு பேரா வெளியிலை அனுப்பும் எண்டு சொல்லுறார். மெதுவாத்தான் சொன்னார், எண்டாலும் தமிழ் பெடியள் எல்லாருக்கும் விளங்கும்தானே. ஒரு பெடியன் பாதிச் சாப்பாட்டிலை கோப்பையோடை எழும்பினான். அவனைப் பாத்து மற்றவங்களும் எழும்பினாங்கள்.

சோத்திலை இருந்து எழுப்பிறதோ? எனக்கு உச்சந்தலை கொதிச்சுது. இருங்கோ எல்லாரும் எண்டன், இருந்தாங்கள். தம்பி மட்டும் இருக்கேல்லை. என்னைப் பாத்துச் சொன்னான்: "அக்கா, ராவிலை நான் கத்திக்கொண்டு எழும்பேக்கை என்னைப் பிடிச்சு வைச்சிருக்கிறது இவங்கள்தான். இவங்களை வெளியிலை விட்டிட்டு எனக்குச் சோறு இறங்காது."

அவன் ராவிலை கத்திறவன் எண்டே எனக்கு அதுவரைக்கும் தெரியாது. நான் அவன்ரை கோப்பையிலை சோறு போட்டன். பெடியளுக்கு நடுவிலை இருந்து அதை வழிச்சுச் சாப்பிட்டான். நான் கறி எடுக்கிற சாட்டிலை வானுக்குள்ளை போய் நிண்டு அழுதன்.

அடுத்தநாள் காலமை கொடிக்கம்பத்துக்குக் கீழை கூடிச்சினம். வயசான மனுசரைப் பராமரிக்கிற இடத்திலை துப்பரவு வேலை செய்து செய்து எனக்கு என்ரை மனுசனிலும் பாக்க நல்லா ஜெர்மன் வரும், அதாலை நான்தான் முன்னுக்கு நிண்டன். தலைவர் நியாயமாத்தான் கதைச்சார். உங்களை எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, நேற்று நடந்ததை நாங்கள் பெரிசுபடுத்தேல்லை, ஆனால் விதி எல்லாருக்கும் ஒண்டுதான் எண்டார். இனிமேல் உங்கட தம்பி மட்டும்தான் வருவார் எண்டு ஒரு வாக்குத் தாங்கோ, இப்பவே கை உயத்திறம் எண்டார். நான் வாயைத் திறக்க முதலே அங்கங்கை கையள் உயந்திட்டுது.

என்ரை மனுசன் என்னைப் பாத்தார். அப்பிடி ஒரு ஆசையை அவற்றை முகத்திலை நான் கலியாணத்திலையும் காணேல்லை. "ஓம் எண்டு சொல்லும், பிறகு பாப்பம்" எண்டார். பொய் சொல்லச் சொல்லுறார். சொல்லியிருக்கலாம். அந்த வாக்கைக் குடுத்தால் அடுத்த சனிக்கிழமை ஏழு பேரையும் படலைக்கு வெளியிலை மறிக்கிறது தலைவர் இல்லை, நான். தம்பி அதைப் பாத்திட்டுத் திரும்பிப் போவான், போய்க் கையெழுத்து வைப்பான். வாக்குக் குடுக்காட்டி இரவு நிக்க எங்களுக்கு இடம் இல்லை, அவன்ரை பக்கம் வரவும் ஏலாது, அப்பவும் கையெழுத்து வைப்பான். எந்தப் பக்கம் மிதிச்சாலும் முள்ளு. நான் ஜெர்மனிலை சொன்னன்: "என்ரை தம்பிக்கு அந்த ஏழு பேரும்தான் இஞ்சை வீடு. ஒருத்தனை மட்டும் கூப்பிட எனக்கு ஏலாது. நாங்கள் சேரேல்லை."

உயந்த கையள் இறங்கினது. ஒரு மனுசி மட்டும் இறக்க மறந்து பிடிச்சபடி நிண்டா. தலைவர் கை தந்தார், பிழையா நினைக்காதையுங்கோ எண்டார். நான் நினைக்கேல்லை.

திரும்பி வாற மூண்டு மணித்தியாலமும் மனுசன் வாய் திறக்கேல்லை. அந்தக் கிழமையும் திறக்கேல்லை. வேலைக்குப் போறார், வாறார், போட்டதைச் சாப்பிடுறார், படுக்கிறார். எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒண்டு இருந்தது. தம்பி தொலைபேசி எடுக்கேல்லை. நான் ஹைமுக்கு எடுத்தாலும் ஆக்கள் எடுத்து, அவனைக் கூப்பிடாமலே வைச்சிட்டுப் போகினம். ஒவ்வொரு முறையும் மணி அடிக்கேக்கை, தம்பி ஊருக்குப் போட்டான் எண்டு சொல்லப் போறாங்கள் எண்டே காது கேட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை விடிய முதலே பெரிய பானையிலை சமைச்சு மூடிக் கட்டி வைச்சன். மனுசனிட்டைக் கேக்க வாய் வரேல்லை. இரவு வேலை முடிஞ்சு வந்தார், பானையைப் பாத்தார், முகத்தைக் கழுவினார், வான் திறப்பை எடுத்தார். நானும் மகளும் ஓடிப் போய் ஏறினம். கண் சிவந்து, கண்ணாடியைத் திறந்து விட்டு, ஒரே மூச்சா ஓடினார். ஏரிப் பக்கம் திரும்பேல்லை. நேரை ஹைம் வேலிக்கு வெளியிலை, ரோட்டோரப் புல்லிலை கொண்டுபோய் நிப்பாட்டினார். பின்னேரம் திரும்பி ஓட வேணும் எண்டது ரெண்டு பேருக்கும் தெரியும்.

மகள் இறங்கி வேலியடியிலை நிண்டு கூப்பிட்டாள். ஒருத்தன் வந்தான். பிறகு ரெண்டு பேர் வந்தாங்கள். இன்னும் வந்தாங்கள். நான் எண்ணுறன், தம்பியைக் காணேல்லை. மூடியைத் திறந்த கை அப்பிடியே நிக்குது. கடைசியாப் பழைய பேப்பர் ஒரு கட்டுக் கக்கத்துக்கை வைச்சுக்கொண்டு வந்தான், புல்லு ஈரமாம், இருக்க விரிக்கவாம். பாவி, எனக்குப் போன உயிர் வந்தது.

எல்லாரும் சுத்தி இருந்து சாப்பிட்டாங்கள். தம்பி கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டான். போட்டன். அதையும் முடிச்சு விரலைச் சூப்பினான். கையெழுத்தைப் பற்றி நானும் கேக்கேல்லை, அவனும் சொல்லேல்லை. ரோட்டாலை கார் போகுது, ஆக்கள் திரும்பிப் பாக்கினம், பாக்கட்டும் எண்டு விட்டன். மனுசன் வான் படியிலை இருந்து அரைக் கண்ணிலை தூங்கித் தூங்கி விழுறார்.

"அக்கா, அடுத்த சனி வரேக்கை நண்டுக் கறி வைப்பியளோ?" எண்டு தம்பி கேட்டான்.

மாசக் கணக்கிலை அவன்ரை வாயிலை இருந்து அடுத்த கிழமை எண்டு ஒரு சொல்லு வரேல்லை. நான் கரண்டியைப் பிடிச்சபடி நிண்டன். கிழமை முழுக்கப் பேசாமல் இருந்த என்ரை மனுசன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கெல்ன் பட்டணத்திலை ஒரு சீனாக்காரன்ரை கடை இருக்காம். நண்டு வருகுதோ எண்டு திங்கக்கிழமை போய்க் கேக்கிறன்."