ஜோக்கோனியா தள்ளிவைத்த தோட்டா

எங்கள் சாம்பேசி ஆற்றங்கரை வேட்டை முகாமில், எந்தக் குண்டு எப்படி வேலை செய்யும் என்பது சுடுகிறவர்களைவிடத் தோலுரிக்கும் ஜோக்கோனியாவுக்குத்தான் அதிகம் தெரியும். இருபத்திரண்டு வருடமாகச் செத்த மிருகங்களின் சதைக்குள் கைவிட்டுக் குண்டு தேடியவர். எடுத்ததைக் கழுவி, காசு கட்டிச் சுட வந்த விருந்தாளியிடம் கொடுக்கும் முன் உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். முனை காளான் போல விரிந்து, அடிப்பாகம் முழுசாக இருந்தால் சிரிப்பார். நொறுங்கியிருந்தால் அன்று பக்கத்தில் போக முடியாது. படிப்பு நாலாம் வகுப்பு. வாய் மட்டும் நாலு ஊருக்குக் காணும்.

அதனால் முகாமில் ஒரு வழக்கம் உண்டு. காட்டெருமை வேட்டைக்கு முதல் நாள் தோட்டாவை அவர் முன்னால் வைக்க வேண்டும். அவர் தள்ளிவைத்தால் அது வெளியே போகாது. முதலாளி டென்சில் ஏற்படுத்திய வழக்கம் அது. தன் கண்ணைவிட ஜோக்கோனியாவின் கையைத்தான் நம்புவதாக எல்லோரிடமும் சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு மனிதர் பூரித்துக் கிடந்தார்.

போன ஆகஸ்டில் வந்த விருந்தாளியின் குண்டுக்கு மெல்லிய செம்பு உறை. ஜோக்கோனியா தள்ளிவைத்தார். முகாமின் துப்பாக்கிகளைத் துடைக்கும் நானும் அங்கேதான் இருந்தேன்.

"இது மானுக்குச் சரி பாஸ். எருமையோட தோளெலும்புல பட்டா அங்கேயே பொடிப்பொடியாயிடும், உள்ள இறங்காது. நாளைக்கு முன்னால நடக்கப்போறது என் தம்பி."

முகாமின் கெட்டிக் குண்டைத் தருவதாக டென்சில் தலையாட்டினார். தரவில்லை. விருந்தாளி தன் தோட்டாவால்தான் சுடுவேன் என்றாராம். அவர் மனம் கோணக் கூடாதாம்.

அடிபட்ட எருமை புதருக்குள் புகுந்து காத்திருந்தது. தடம் பார்த்து முன்னால் போன தம்பி ஃபானுவேலைக் குத்திக் கிழித்துவிட்டது. டென்சில் அதைச் சுட்டு வீழ்த்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த எருமையை ஜோக்கோனியா வேறு யாரையும் தொட விடவில்லை. தோளெலும்பின் மேலேயே ஈயத் துகளும் செம்புச் சில்லும் கிடந்தன. பொறுக்கித் தட்டில் வைத்து, விசாரிக்க வந்த வனவிலங்கு அதிகாரியிடம் நீட்டினார்.

டென்சில் பதறவே இல்லை. "ஜோக்கோனியா பார்க்காம இங்க ஒரு தோட்டாவும் வெளிய போகாது சார். இதையும் அவர்தான் சரின்னு எடுத்துக் கொடுத்தார்."

ஜோக்கோனியாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தாமல் என்னைக் காட்டினார். "இவன் கூட இருந்தான். இவனைக் கேளுங்க."

அதிகாரி கேட்டார். டென்சில் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை என்றேன். எனக்கு வேலை போய்விடுமே என்ற பயம். அயோக்கியத்தனத்துக்கு வேறு பெயர் வைக்க நான் விரும்பவில்லை.

ஃபானுவேலின் மனைவி செகாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். தன் பிள்ளைகள் கூப்பிடுவதுபோலவே ஜோக்கோனியாவைக் கூப்பிடுவாள்.

"நீங்க பார்த்துத்தான் குடுத்தீங்களா, பெரியப்பா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவர், இப்போதாவது நான் பேசுவேனா என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் துப்பாக்கியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.