நாலு தடவ அழுத கமலா

இந்தக் காலத்துல எவன் பொண்ணப் புடிச்சுக் கட்டி வெக்கறான், அதெல்லாம் பழைய நாவல்ல நடக்கறதுன்றியே கோவாலு, வாடகைக்கு நாவல் குடுக்கற கடையில நீ என்னிக்காவது உக்காந்து பாத்திருக்கியா? முப்பது வருசமா உக்காந்துகினு இருக்கேன் நான். புக்குல என்ன இருக்குதுன்னு படிச்சா தெரிஞ்சிடும். படிக்கறவ ஊட்ல என்ன நடக்குதுன்னு, அவ புக்கத் திருப்பிக் குடுக்க வரும்போதுதான் தெரியும்.

கோவாலு எங்க ஊட்டுக்காரரோட தம்பி, என்ன அண்ணின்னு சொல்லாம தெலுங்குல வதினான்னுதான் கூப்புடுவான். போஸ்டாபீஸ்ல ரிடையர் ஆனதுல இருந்து என் கட பெஞ்சிலதான் பேப்பர் படிக்கறான். நான் எதச் சொன்னாலும் இல்லன்னு சொல்றதுதான் இப்ப அவனுக்கு உத்தியோகம். இப்படி ஒரு ஆளு உங்க ஊட்லயும் இருப்பான். அதனால அவன உட்டுட்டு உங்ககிட்டயே சொல்றேன், கேளுங்க.

பதினேழாம் பக்கம்

திருப்பதிக்குப் பக்கத்துல இருக்கற எங்க புத்தூர் கடையில ஒரு பழக்கம். ஒரு புக்கு படிச்சாச்சுன்னா பதினேழாம் பக்கத்து ஓரத்துல சின்னதா ஒரு அடையாளம் போட்டுடுவாங்க. ஒருத்தி நட்சத்திரம் போடுவா, ஒருத்தி ரெண்டு புள்ளி வெப்பா. மறுபடியும் அதே புக்க எடுத்துக்கினு போய் ஏமாறக் கூடாதுன்னுதான். ஒரு தடவ ஒரு ஆளு, பொண்டாட்டி நட்சத்திரத்தப் பாத்துட்டு எவனுக்கு சிக்னல் குடுக்கறான்னு சண்டைக்கு வந்துட்டான். அவன உடுங்க, அவன் கதை தனி.

கமலா போடறது வெத்தல. எதிர் வீதிக்காரி, புருசன் செத்து பன்னெண்டு வருசம் ஆவுது, ஒரே பொண்ணு. வெத்தல போட்ட புக்கத் தொடவே மாட்டா. ஒரே ஒரு பழைய நாவலுக்கு மட்டும் நாலு வெத்தல இருக்குது. அதுல ஒரு பொண்ண ஜமீந்தாருக்கு மூணாந்தாரமாக் கட்டி வெச்சிடறாங்க. வேணாம் வேணாம்னு அழுவுது. கடைசியில கெணத்துல உழுந்துடுது. அந்த ஜமீந்தாரு ரெண்டு பக்கத்துக்குக் கண்ணீர் உடறாரு. பொண்ணு சாவறதுக்கு நாலு வரி, அந்தாளு அழுவறதுக்கு ரெண்டு பக்கம்! எழுதனவன் கையில கெடச்சா கேப்பேன். ஒவ்வொரு தடவையும் கண்ணு செவந்துதான் கமலா வருவா. நாலாந்தடவ சொன்னா: "அந்தப் பொண்ணோட அம்மா என்ன ஜென்மம் பெரிம்மா? பெத்த வயிறு எரியலியா அவளுக்கு?"

குடும்பக் கதை

போன மாசம் கமலாவோட தம்பி சேகரு கடைக்கு வந்தான். ஏர்பேட்டுல நெலம், டிராக்டரு, முப்பத்தெட்டு வயசு, தலையில புதுசா அடிச்ச மை. பொறந்ததுல இருந்து ஒரு பக்கம் படிக்காதவன் புக்கு கேக்கறான். "பழைய குடும்பக் கதையா ஒண்ணு குடு பெரிம்மா, பொறுமையா இருக்கற பொண்ணு கதை. நம்ம ரேவதிக்கு" அப்படின்னான்.

ரேவதி கமலாவோட பொண்ணு. இருபத்திரெண்டு வயசு, நர்ஸ் படிப்பு முடிச்சுட்டு, திருப்பதியில ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்கு ஆர்டர் வந்திருக்குது. உனக்கெதுக்குடா அவ படிக்கற கதைன்னேன். அப்பதான் சொல்றான், முகூர்த்தம் வெச்சாச்சு, தாய்மாமன் உரிமையாம். எனக்கு மேலெல்லாம் எரிஞ்சுது. எனக்கும் சொந்தத்துலதான், அத்த புள்ளதான். நல்ல மனுசன், கொற சொல்ல மாட்டேன். ஆனா பத்தாவது பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டு வந்து சாமி படத்துக்கிட்ட இருக்குது, பரீட்ச அன்னிக்கு என்ன மணையில உக்கார வெச்சு மஞ்ச பூசறாங்க. இந்தக் கோவாலு அப்ப அரை டிராயரோட மூலையில லட்டு துன்னுக்கினு இருந்தான். ஒருத்தர் ஒரு வார்த்த என்னக் கேக்கல. அதனால சேகரு கிட்ட நான் கேட்டேன், பொண்ணக் கேட்டியாடான்னு. அவன் சிரிச்சுக்கினே சொன்னான்: "அவள எதுக்கு பெரிம்மா கேக்கணும்? நான் என்ன வெளியாளா?"

அரிசி மூட்ட

கடையப் பூட்டிட்டு நேரா கமலா ஊட்டுக்குப் போனேன். பருப்பு அரிச்சுக்கினு இருந்தா. ஏண்டி, புக்குல வர்ற பொண்ணுக்கு நாலு தடவ மூக்கச் சிந்தினியே, உன் பொண்ணு உள்ள ரூம்புல அழுவறது கேக்கலியா உனக்குன்னேன். அவ தலைய நிமித்தல. புருசன் போனதுல இருந்து வருசா வருசம் தம்பி ஊட்ல இருந்துதான் அரிசி மூட்ட வருதாம். பொண்ணு படிச்சதும் அவனாலதானாம். வேணாம்னு எந்த வாயால சொல்லுவன்னு என்னையே கேக்கறா. தம்பி இதுவரைக்கும் ஒரு வார்த்த மெரட்டல, அதான் பயமா இருக்குதுன்றா.

எனக்குக் கோவம் கமலா மேலயா, சேகரு மேலயான்னு எனக்கே தெரியல. அரிசி குடுத்தவன் அரிசியோட நிக்க வேணாமா? அக்கா பசிக்குப் போட்டத, அக்கா பொண்ணுக்குப் போட்ட பரிசமாவா நெனைக்கறது? அப்பவும் கெஞ்சினேன், அந்த ஜமீந்தாரு கதைய நெனைச்சுப் பாருடின்னு. கமலா பருப்புத் தட்டக் கீழ வெச்சா. "கதையில வர்ற அம்மாவுக்குக் கூடப் பொறந்தவன் யாரும் கெடையாது பெரிம்மா. எனக்கு இருக்கான்."

என் பேனா

அந்த வாரம் ரேவதியோட செல்போன வாங்கி வெச்சுட்டாங்க. அம்மா கூடப் பேச்சே இல்ல. எதிர்க்க இருக்கற என் கடைக்கு மட்டும் அனுப்புவாங்க, புக்கு மாத்தறதுக்கு. கல்யாண ஊட்லயும் கமலாவுக்குப் புக்கு வேணும், பாத்துக்குங்க. பொண்ணு வந்து அலமாரி முன்னால நின்னுது. ஆயா, அம்மா அழுவுமே அந்தப் புக்கு எதுன்னு கேட்டுது. எடுத்துக் குடுத்தேன். பேனா குடுன்னுது.

என் புக்குல யாராவது ரெண்டு வார்த்த எழுதினா நான் ஆடற ஆட்டம் இந்தத் தெருவுக்கே தெரியும். அன்னிக்கு நானே மூடியக் கழட்டிக் குடுத்தேன். பதினேழாம் பக்கத்துல, நாலு வெத்தலைக்குக் கீழ எழுதுச்சு: 'அம்மா, இவ செத்ததுக்கு நாலு தடவ அழுத. நான் உசுரோட இருக்கேன், ஒரு தடவ கேளு.' எழுதிட்டு அதையே ஊட்டுக்கு எடுத்துக்கினு போச்சு. கமலா எந்தப் புக்க எடுத்தாலும் மொதல்ல அந்தப் பக்கத்தத்தான் பொரட்டுவா. கட்டாயம் படிப்பா, படிச்சா மனசு எறங்கிடுவான்னு நான் நம்பினேன். அதான் நான் பண்ண தப்பு. கதைக்கு அழுவறவ எல்லாம் மனசு எளகினவன்னு நெனைச்சுதான இத்தன வருசம் இந்தக் கடைய நடத்தறேன்! மறுநாளு கமலா வந்தா. புக்குல அந்தப் பக்கமே இல்ல. சுத்தமாக் கிழிச்சிருந்தா. "வேற புக்கு வாங்கிக் குடுத்துடறேன் பெரிம்மா. ஊட்டுப் பேச்சு ஊருக்குப் போவக் கூடாது."

இன்னிக்குக் காலையில

நாளைக்கு முகூர்த்தம். காலையில கடையத் தொறந்து தண்ணி தெளிக்கறேன், ரேவதி ஒரு பெட்டியோட வந்து நிக்குது. வளையலு இல்ல, மருதாணி மட்டும் கையில செவந்துகினு இருக்குது. அம்மா கோயிலுக்கு அர்ச்சன பண்ணப் போச்சாம். போவும்போது எப்பவும் பூட்டற கதவ இன்னிக்குப் பூட்டலியாம். மறந்துச்சா, வேணும்னு உட்டுச்சான்னு இதுக்கும் தெரியல, எனக்கும் தெரியல, கமலாவக் கேட்டா சொல்லவும் மாட்டா. நான் ஒண்ணும் கேக்கறதுக்கு முன்னால அதுவே சொல்லுச்சு: "திங்கக்கெழம ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல ரூம்பு குடுத்துடுவாங்க ஆயா. அதுவரைக்கும் நாலு நாளு இங்க இருக்கலாமா?"

அதுக்குத்தான் இந்தக் கோவாலு இப்படிக் குதிக்கறான். இந்தக் காலத்துல பலவந்தம் ஏது, பொண்ணுதான் ஏதோ சினிமா பாத்துட்டு ஓடியாந்திருக்குது, நம்ம ஊட்ல வெச்சுக்கினா சேகரு ஆளக் கூட்டிக்கினு வருவான்னு. வரட்டும். புத்தூர் பஸ் ஸ்டாண்டுல பாதிப் பொம்பளைங்க என்கிட்ட புக்கு வாங்கினவங்க, நான் ஒரு சத்தம் போட்டா வாசல்ல நிப்பாங்க. கமலா வந்தாலும் வரட்டும், அவளுக்கும் ஒரு வாய் காப்பி இருக்குது. இவன் மட்டும் பேப்பர மடிச்சு வெச்சுட்டு, என்னமோ சட்டம் படிச்சவன் மாதிரி சொல்றான்: "நமக்கு எதுக்கு வதினா, அடுத்தவங்க ஊட்டு வெவகாரம்?"

முப்பது வருசமா அடுத்தவங்க ஊட்டு வெவகாரத்தத்தான் அட்ட போட்டு வாடகைக்கு உட்டு வயிறு வளத்தேன், இன்னிக்கு ஒண்ணு அட்டையில்லாம நடந்து வந்திருக்குது, அவ்ளோதான்.

ஏ ரேவதி, இன்னும் ஏம்மா வெயில்ல நிக்கற, அந்தப் பெட்டியத் தூக்கிக்கினு உள்ள வா!