பதினோராம் மாடியும் ஒரு நாற்காலியும்

இன்று உஜோங் பாசிரில் கடலோர அடுக்குமாடி வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தோம். சொல்ல வேண்டியவை:

1. விதிப் புத்தகத்தைப் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.
2. மற்றவர்கள் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறார்களா என்றும் விசாரியுங்கள்.
3. என் மனைவிக்குப் பயமே கிடையாது.

வீடு பதினோராம் மாடியில். சாம்பிராணி போடலாமா, வாசலில் செருப்பு வைக்கலாமா என்று முகவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“கடல் காத்துக்கும் ரூல்ஸ் கேப்பாரு இவரு” என்று மனைவி சிரித்தாள்.

இறங்கும்போது லிஃப்டில் அங்கே குடியிருக்கும் ஒரு பெண் பேச்சுக் கொடுத்தார்.

“வாங்கப் போறீங்களா அங்கிள்? இங்க பாதிப் பேரு மேயிண்டனன்ஸ் கட்டறதே இல்ல. போன மாசம் லிஃப்ட் ரொசாக், ஓடவே இல்ல. என் மாமியார நாற்காலியில உட்கார வச்சு நாலு பேரு தூக்கிட்டு இறங்குனோம்.”

நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா சமயத்தில் அப்பா காஜா பேராங்கில் கட்டிய வீட்டை விற்றுத்தான் இதை வாங்க வேண்டும்.

“அதெல்லாம் பாத்துக்கலாம்” என்றாள் மனைவி.

வீட்டுக்கு வந்து அவள் தேநீர் போட்டு வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“ஏங்க, நம்மளத் தூக்க நாலு பேரு யாரு இருக்கா?”

நாளை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறோம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் தயவுசெய்து கீழே எழுதுங்கள். நாற்காலி தூக்குவது பற்றி முகவர் கொடுத்த விதிப் புத்தகத்தில் எதையும் காணோம்.

மூன்றாவது குறிப்பு தவறு.