பரிசோதனை வண்டி வந்த நாள்

பாண்டியம்மாளை அன்று எழவிடாமல் உட்கார வைத்தது என் வாய்தான்.

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிட்டங்கி நடத்துகிறேன். அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்ய ஒரு வண்டி வந்தது. லோடு ஏற்ற வேண்டிய நாள் என்பதால் எனக்கு எரிச்சல். பாண்டியம்மாள் மட்டும் ஏலக்காய் புடைக்கும் சுளகை வைத்துவிட்டு எழப் போனாள்.

“என்ன ஆத்தா, வேலைக்கு டிமிக்கியா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வண்டியைத் திருப்பி அனுப்பினேன்.

மறு வருடம் மதுரையில் அவளுக்கு ஒரு மார்பை அகற்றினார்கள். பார்க்கப் போனேன். வண்டி வந்த அன்றே கட்டி இருந்ததா என்று தயங்கிக் கேட்டேன்.

“இருந்துச்சு முதலாளி. நீங்க கேட்டதுகூடப் பெருசில்ல. எல்லாரும் சிரிச்சாக பாருங்க, அதான் எந்திரிக்க முடியல.”

மன்னிப்புக் கேட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தேறி அவள் வேலைக்கு வந்ததும், அதே வண்டியை நானே அழைத்தேன். அன்று வேலை கிடையாது, கூலி உண்டு என்றேன். அப்படியும் பெண்கள் தயங்கினார்கள். வாசலில் நின்ற பாண்டியம்மாள் என்னிடம் வந்தாள்.

“நீங்க இங்கன நின்னா ஒருத்தியும் உள்ள போக மாட்டா. வீட்டுக்குப் போங்க முதலாளி.”

போனேன். அன்று ஒரு பெண்ணுக்குக் கட்டி சிறிதாக இருக்கும்போதே தெரிந்தது. அவள் இன்றும் ஏலக்காய் பிரிக்கிறாள். ஒவ்வொரு வருடமும் வண்டி வரும் நாளில் நான் வீட்டில்தான் இருக்கிறேன்.