ஆடிக்குப் பிரித்தது

ஊரில் எல்லாப் பெண்களுக்கும் மழை வந்தால் புருஷன் வீடு திரும்புவான். நெமிலிச்சேரி சாமுண்டீஸ்வரிக்கு மட்டும் மழை வந்தால் புருஷன் கிளம்புவான். அடுத்த வீட்டில் துணியை எடு, ஜன்னலைச் சாத்து என்று சத்தம் கேட்கிற நேரத்தில், இவள் வீட்டில் கேமராவுக்குப் போடுகிற பிளாஸ்டிக் கவர் எங்கே என்று சத்தம் கேட்கும். நீங்களே சொல்லுங்கள், இதெல்லாம் ஒரு பிழைப்பா?

பிழைப்புதான், என்ன செய்ய! அவள் புருஷன் பரந்தாமன் கரையான்சாவடியில் ஒரு ஸ்டுடியோவில் தொழில் கற்ற கல்யாண போட்டோகிராபர். ஆடி மாதத்தில் எவன் கல்யாணம் வைக்கிறான்? முப்பது நாளும் கேமரா பீரோவில் தூங்கும். கல்யாணமான முதல் வருஷம் புதுப்பெண் சாமுவையும் வழக்கப்படி ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். வேலையும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை. மனுஷன் என்ன செய்வான்? சாயங்காலம் மொட்டை மாடியில் ஏறி உட்கார்ந்தான். மேற்கே திருத்தணிப் பக்கத்திலிருந்து இடி மேகம் ஏறி வந்தது. ஒரு மின்னலை எடுத்தான். அது பேப்பரில் வந்தது. அவ்வளவுதான், போச்சு.

ஆவணி பிறந்து சாமு திரும்பி வந்தபோது, புருஷனுக்கு வானத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. "ஆடிக்குப் பிரிச்சாங்க, ஆவணில சேத்து வெக்க மறந்துட்டாங்க" என்று அவள் எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வாள். பதினாலு வருஷமாகச் சொல்கிறாள். சிரிப்பு வர வரக் குறைந்துகொண்டு வருகிறது.

இன்றைக்கு அவனைத் தெரியாத செய்திச் சேனல் இல்லை. புயல் சின்னம் என்றால் பழவேற்காட்டில் இருப்பான். கோடை இடி என்றால் செம்பரம்பாக்கம் ஏரியில் இருப்பான். ஒரு தடவை பத்தடி தள்ளி பனைமரத்தில் இடி விழுந்து, ஒரு வாரம் காது கேட்காமல் திரிந்தான். அப்போதும் படம் ஆடாமல் வந்திருக்கிறதா என்றுதான் பார்த்தான், கேடு கெட்டவன். அவனுக்கு ஒரே ஒரு குறை. மழைக்கு முன்னால் வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, அடுப்படியில் டப்பா அடுக்குகிற பலகை மாதிரி நீளமாக ஒரு மேகம் வரும். தட்டு மேகம் என்பான். அதைத் தண்ணீருக்கு மேலே முழுசாக எடுக்க வேண்டும். பாதி பாதியாக எத்தனையோ எடுத்துவிட்டான். முழுசு மட்டும் கிடைக்கவே இல்லை.

அதற்கும் வழிகாட்டி யார் என்கிறீர்கள்? சாமுதான். வண்டி ஓட்டிக்கொண்டு ராடார் படம் பார்க்க முடியாது என்று அவள் போனில் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டான். நீலம் என்றால் தூறல், மஞ்சள் என்றால் மழை, சிவப்பு என்றால் இடி. குழம்பைக் கிளறிக்கொண்டே சொல்வாள்: "சோளிங்கர்ல செவப்பு கீது மாமா. நீ பூண்டி ஏரிக்கரைல போய் நில்லு, உன் தலை மேலதான் வரும்." சொன்னால் சொன்னபடி வரும். அவன் எடுத்த நல்ல படங்களில் முக்கால்வாசி அவள் வாய் சொல்லி எடுத்தது. தன் புருஷனைத் தானே தூரமாக அனுப்பிவைக்கிற பெண்ணை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

அவள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. மழை பெய்யும்போது வீட்டில் கூட ஓர் ஆள். கரண்ட் போனால் பேசிக்கொண்டிருக்க ஓர் ஆள். "இன்னிக்கு ஊட்டுக்கு வந்துடு மாமா" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். "தோ, அரைமணி நேரம்" என்பான். அந்த அரைமணி நேரத்தில் மழை விட்டுவிடும்.

இந்த ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, அவன் பூண்டிக் கரையில் நின்றான். இவள் துணி எடுக்க மாடிக்குப் போனாள். காற்று திரும்பியிருந்தது. எதிர் வீட்டுப் பூங்காவனத்தின் புருஷன் மழைக்குப் பயந்து சீக்கிரமே வண்டியில் வந்து இறங்கினான். பூங்காவனம் கேட்டைத் திறந்துவிட்டு, அவன் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இவ்வளவுதான் நடந்தது. சாமு துணியை எடுக்க மறந்து, சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன் அடித்தது. "இன்னா சாமு, எங்க கீது? இங்க ஒரே சாம்பலா கீது, ஒண்ணும் தெரில."

அவள் போன் ராடாரில் திருத்தணிக்கு மேல் சிவப்பு கொழுகொழுவென்று நின்றது. நேராகப் பூண்டிக்கு வருகிற சிவப்பு. பதினாலு வருஷத்தில் அப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை.

"கரைஞ்சி போச்சி மாமா" என்றாள். "இனிமே ஒண்ணும் வராது. ஊட்டுக்கு வந்துடு."

அந்தப் பக்கம் கேமரா பையின் ஜிப்பை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, வரேன்" என்றான்.

அவன் வண்டியை உள்ளே தள்ளவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். காபி கொடுத்தாள். வானத்தில் ஓட்டை விழுந்த மாதிரி கொட்டியது மழை. கரண்டும் போனது. அவள் ஆசைப்பட்டபடியே எல்லாம் நடந்தது; பேசத்தான் முடியவில்லை. ஜன்னலில் மின்னல் வெட்டும்போதெல்லாம் அவனுடைய வலது ஆள்காட்டி விரல் தானாக அழுந்தியது.

அவன் போனுக்கு ஒரு படம் வந்தது. பூண்டிக் கரையில் அவன் பக்கத்திலேயே நின்றிருந்த ஹேமநாதன் அனுப்பியது. சென்னீர்குப்பம் ஃபிளாட்டில் இருந்துகொண்டு ஐ.டி. வேலைக்குப் போகிறவன், போன வருஷம்தான் கேமரா வாங்கியவன். தண்ணீருக்கு மேலே, கோடியிலிருந்து கோடி வரைக்கும், முழுத் தட்டு மேகம்.

பரந்தாமன் வெகு நேரம் பார்த்தான். "நல்லா எடுத்துகீறான்" என்றான்.

சாமுவால் தாங்க முடியவில்லை. "நான் பொய் சொன்னேன் மாமா. அது கரையவே இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"நின்னுகினுதானே இருந்தேன். என் போன்லயும் ராடார் கீதே. உன்னைக் கேக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். உன் வாயால கேட்டாத்தான் திருப்தின்னு போன் போட்டேன்."

"பாத்துட்டு அப்புறம் இன்னாத்துக்கு வந்த?"

அவன் துண்டை மடித்தான், பிரித்தான், திரும்ப மடித்தான். "எத்தினி தபா வா வான்னு நெஜமா கூப்ட்ட. ஒரு தபாவும் வரல. பொய் சொல்லிக் கூப்பிடற நெலைமைக்கு உன்னைக் கொண்டாந்துட்டேனேன்னு தோணிச்சி. வண்டியத் திருப்பிட்டேன்."

அவள் வாய்விட்டு அழுதாள். அவன் தடுக்கவில்லை, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மழை அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பெய்தது. முழு மழையும் கூட இருந்தான்.

தூறலாகக் குறைந்தபோது சாமு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இதற்கு மேல் கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள். "நாளிக்கும் மேக்கால வரும்ன்றாங்க மாமா. போவியா?"

"போவேன்" என்றான் பரந்தாமன்.